பத்து வருடமாக வாசிக்கிறேன். அடுத்த அகூஸ்டிக் கிட்டார் தரமானதாக இருக்க எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

கையில் யமஹா எஃப்ஜி800, வாசிப்பது பெரும்பாலும் ஃபிங்கர்ஸ்டைல் (விரலால் மீட்டுவது), பாடுபவர் இருந்தால் ஸ்ட்ரம்மிங், ஊர் சென்னை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

எஃப்ஜி800-இன் டாப் (முன்பலகை) ஏற்கெனவே சாலிட் ஸ்ப்ரூஸ்தான், அதாவது அடுக்கு ஒட்டாத முழு மரம். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் லேமினேட், அதாவது மெல்லிய அடுக்குகளை ஒட்டிய பலகை. அதனால் 'சாலிட் டாப்' என்று பெரிதாக எழுதி விற்கும் இன்னொரு லேமினேட் பாடி கிட்டாருக்கு இரண்டு மடங்கு பணம் கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை. நீங்கள் தேட வேண்டியது எல்லாப் பலகையும் முழு மரமான ஆல் சாலிட். டெய்லரில் 100, 200 வரிசைகள் லேமினேட் பாடி, 300-இலிருந்து ஆல் சாலிட். மார்ட்டினில் 15 வரிசையிலிருந்து மேலே நம்பி எடுக்கலாம். யமஹாவிலேயே இருக்க விருப்பம் என்றால் எல்எல்16. விவரப் பட்டியலில் டாப்புக்கு மட்டும் 'சாலிட்' என்று போட்டுவிட்டு, பின்பலகைக்கு வெறும் 'ரோஸ்வுட்' என்று இருந்தால் அது லேமினேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாப் சாலிடா என்று அறிய சவுண்ட்ஹோலின் (டாப்பின் நடுவிலுள்ள துளை) விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் ரேகைகள் பலகையின் கனத்திலும் அப்படியே தொடர்ந்து இறங்கினால் சாலிட், சாண்ட்விச் மாதிரி அடுக்கு தெரிந்தால் லேமினேட்.

அடுத்தது உங்கள் கை. எஃப்ஜி800-இன் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் தாங்கும் பட்டை) அகலம் 43 மி.மீ. ஃபிங்கர்ஸ்டைலுக்கு 44.5 மி.மீ. நட் எடுத்துப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் ஓப்பன் ஸ்ட்ரிங் பக்கத்து விரலில் பட்டு அடைபடுவது பெருமளவு குறையும். ஸ்கேல் நீளமும், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளமும், முக்கியம். மார்ட்டினின் பெரிய பாடியான ட்ரெட்நாட், அதைவிடச் சிறிய ஓஎம் இரண்டும் 25.4 அங்குலம். 000 மாடல்கள் பெரும்பாலும் 24.9. அதே கனமுள்ள 12-53 ஸ்ட்ரிங் செட் போட்டாலும் சின்ன ஸ்கேலில் இழுவிசை கொஞ்சம் குறைவாக இருக்கும், விரலுக்கு இதமாக இருக்கும். ஸ்ட்ரிங்கை இழுத்துக் கமகம் கொண்டுவருபவர்களுக்கு இது பெரிய உதவி. அதற்கு விலையாக, பலமாக ஸ்ட்ரம் செய்யும்போது பேஸ் கொஞ்சம் தளர்ந்து கேட்கும். உங்கள் வாசிப்புக்கு ஓஎம் அளவு பாடியைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். ட்ரெட்நாட்டின் பேஸ் பாடகருக்குப் பின்னால் கம்பீரமாக இருக்கும், ஆனால் விரலால் வாசிக்கும்போது மெல்லிய ஸ்ட்ரிங்குகளின் ஒலியை மூடிவிடும்.

மரத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். சத்தத்தில் பெரும்பங்கு டாப்புக்கும் அதன் உள்ளே ஒட்டியிருக்கும் தாங்கு கட்டைகளான பிரேசிங்குக்கும்தான். சிட்கா ஸ்ப்ரூஸ் மெல்லவும் பலமாகவும் வாசிக்கத் தாங்கும். சீடர் மெல்லிய தொடுதலுக்கே பேசிவிடும், ஆனால் பலமாக அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் ஏறாமல் அமுங்கிவிடும். பின்பலகை மஹோகனி என்றால் நேரடியான, வறண்ட தொனி. ரோஸ்வுட் என்றால் பேஸும் ஓவர்டோனும் கூடுதல். இன்று கிட்டாரில் வரும் ரோஸ்வுட் பெரும்பாலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வளரும் ஈட்டி மரம்தான். மார்ட்டின் 1969-இல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இதற்கு மாறியது. கடையில் 'அபூர்வ மரம்' என்று சொல்லி விலை ஏற்றினால், அந்தப் பணத்துக்கு உங்கள் காதுக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி நான் அதிகம் வலியுறுத்தும் விஷயம்: நெக் கோணம், அதாவது நெக் பாடியோடு சேரும் கோணம். ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) உயரமாக இருந்தால் 'செட்டப் செய்தால் சரியாகிவிடும்' என்று கடையில் சொல்வார்கள். சரியாகுமா ஆகாதா என்பதை அங்கேயே அளந்துவிடலாம். 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும், 40 முதல் 50 செ.மீ. நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும் கொண்டுபோங்கள்.

ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் வைத்துக்கொண்டு முதலில் ரிலீஃப் (நெக்கின் லேசான வளைவு) பாருங்கள். தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கை 1-ஆம் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் 7-ஆம் ஃப்ரெட் பக்கம் 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ., ஆகவே ஒன்றிரண்டு தாள் கனம். இது கூடியோ குறைந்தோ இருந்தால் நெக்குக்குள் இருக்கும் கம்பியான ட்ரஸ் ராட்டில் சரிசெய்யச் சொல்லுங்கள், கால் திருப்பு வேலை. ரிலீஃப் சரியான பிறகே 12-ஆம் ஃப்ரெட்டில் ஆக்ஷன் அளக்க வேண்டும். ஃப்ரெட்டின் தலையிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் வரை ஆறாவது ஸ்ட்ரிங்கில் 2.2 முதல் 2.4 மி.மீ., முதல் ஸ்ட்ரிங்கில் 1.6 முதல் 1.8 மி.மீ. உங்களுக்குப் பொருந்தும்.

3.2 மி.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.4-க்குக் கொண்டுவர 12-ஆம் ஃப்ரெட்டில் 0.8 மி.மீ. இறக்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட் ஸ்ட்ரிங்கின் நடுவில் இருப்பதால் சேடிலில் (பிரிட்ஜின் மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டை) அதைப்போல் இரு மடங்கு, அதாவது 1.6 மி.மீ. தேய்க்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே சேடில் 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் கவலையில்லை. 2 மி.மீ.தான் இருக்கிறது என்றால் தேய்த்த பிறகு மிஞ்சுவது 0.4. ஸ்ட்ரிங் சேடிலின் மேல் மடங்கி இறங்கும் கோணமே போய்விடும், சத்தம் மெலிந்து உயிரற்றுப்போகும். அந்தக் கிட்டாருக்கு வேண்டியது செட்டப் அல்ல, நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி பொருத்தும் நெக் ரீசெட்.

இதையே இன்னொரு வழியிலும் உறுதி செய்யலாம். நீள ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல்தளத்தை உரசியோ அதற்கு ஒரு மயிரிழை மேலேயோ போக வேண்டும். பிரிட்ஜின் முன்பக்கச் சுவரில் முட்டினால் கோணம் போதாது. புதுக் கிட்டாரிலும் இப்படி வருவதுண்டு. டெய்லரின் நெக் போல்ட் வைத்தது, ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய செருகு) மாற்றிக் கோணத்தைத் திருத்தலாம். மார்ட்டினின் பசையிட்டுக் கோத்த டவ்டெயில் இணைப்பை ஆவி செலுத்திக் கழற்ற வேண்டும், அது நல்ல லூத்தியர் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) கையில் மட்டும் கொடுக்க வேண்டிய வேலை.

நட்டையும் விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ரிங்கை 2-க்கும் 3-க்கும் நடுவில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குத்தான் இருக்க வேண்டும். நட் பள்ளம் உயரமாக இருந்தால் எஃப் கார்ட் கடினமாவதோடு ஷார்ப்பாகவும் ஒலிக்கும். இன்டொனேஷனுக்கு (ஸ்வரச் சுத்தம்) 12-இல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திய ஸ்வரமும் டியூனரில் 2, 3 சென்ட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

கேட்டுப் பார்க்கும்போது ஸ்ட்ரிங் எத்தனை நாள் பழையது என்று கேளுங்கள். மாதக்கணக்கில் எல்லோர் கையும் பட்ட ஸ்ட்ரிங்கில் எந்தக் கிட்டாரும் மந்தமாகத்தான் இருக்கும். விலையுயர்ந்த கருவி என்றால் புது செட்டுக்கு நீங்களே பணம் கொடுத்துப் போடச் சொல்லலாம், தப்பில்லை. உங்கள் எஃப்ஜி800-ஐயும் அதே செட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்குக் கடை அறையின் எதிரொலி மாறும், பழகிய ஒரு கருவி பக்கத்தில் இருந்தால்தான் காது ஏமாறாது.

முதலில் மிக மெல்ல வாசியுங்கள். நல்ல டாப் விரல் நுனி பட்டாலே முழு ஸ்வரத்தையும் கொடுக்கும். பிறகு படிப்படியாகப் பலத்தைக் கூட்டி, எந்த இடத்தில் சத்தம் கூடாமல் கரகரப்பு மட்டும் கூடுகிறது என்று பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒன்றையும் தாண்டாமல் வாசியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசும் கரகர ஓசையும் செத்த ஸ்வரமும் இதில்தான் பிடிபடும். ட்ரெட்நாட்டில் உட்காற்றின் ரெசனன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் விழும், அதாவது ஆறாவது ஸ்ட்ரிங்கின் 3-ஆம் ஃப்ரெட் ஜி அருகில். அங்கே ஒரு ஸ்வரம் கொஞ்சம் தடித்து ஒலிப்பது இயல்பு. மற்றவற்றைவிடக் குதித்து எழும்பி உடனே அணைந்தால் அந்தக் கருவியை வைத்துவிடுங்கள். கடைசியாக வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரே இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். மடியில் வைத்துக் கேட்பதும் எதிரே கேட்பதும் வேறு. ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒரே விலை, ஒரே மரம் என்றாலும் ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பேசும். மாடல் பெயரைப் பார்த்து ஆன்லைனில் வாங்க வேண்டாம் என்பது இதனால்தான்.

பிக்கப்புக்காக (ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) மாடலைத் தேர்வு செய்யாதீர்கள். பக்கப்பலகையை வெட்டிப் பொருத்திய ப்ரீஆம்ப் பழுதானால் அந்த ஓட்டைக்குப் பொருந்தும் மாற்று கிடைப்பது கடினம். பிரிட்ஜுக்குக் கீழே டாப்பின் உட்புறம் இருக்கும் பிரிட்ஜ் பிளேட்டில் ஒட்டும் பிக்கப்பைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சென்னை என்பதால் ஈரப்பதம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஆல் சாலிட் கிட்டார் 45 முதல் 55 சதவீதத்தில் இருக்கத்தான் செய்யப்பட்டது. இங்கே வெளியே 70-ஐத் தாண்டுவது சாதாரணம். டாப் ஈரம் குடித்து உப்பும், ஆக்ஷன் ஏறும், சத்தம் மந்தமாகும். இரவு ஏசி, பகல் வெக்கை என்று மாறிமாறி வைப்பது இன்னும் கெடுதல். கேஸுக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரும், 49 சதவீதத்தில் நிறுத்தும் இருவழி ஈரப்பதப் பையும் போட்டு, வாசிக்காத நேரம் கேஸை மூடியே வையுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூரு போன்ற வறண்ட ஊருக்குக் கொண்டுபோனால் டாப் சுருங்கும், ஃப்ரெட் முனைகள் விளிம்பில் கையைக் கீறும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள், சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் கிளம்பிவிடும்.

பழைய கிட்டார் கிடைத்தாலும் எடுக்கலாம். கொடுக்கும் பணத்துக்கு ஒரு படி மேலான கருவி கிடைக்கும், ஆனால் வாரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். நெக் கோணத்தோடு மூன்றைக் கூடுதலாகப் பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பார்க்க வேண்டும், உள்ளே போனால் பிரிட்ஜ் கிளம்புகிறது. டாப்பையும் பின்பலகையையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள், எங்காவது பறபறவென்று அதிர்ந்தால் உள்ளே பிரேஸ் விட்டிருக்கிறது. சவுண்ட்ஹோல் வழியாக ஒரு சின்னக் கண்ணாடியும் போன் டார்ச்சும் வைத்து பிரிட்ஜ் பிளேட்டைப் பாருங்கள், ஸ்ட்ரிங்கின் குண்டு முனைகள் பலகையில் சமமாகப் படிந்திருக்க வேண்டும். துளை தேய்ந்து குண்டு மேலே ஏறியிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.