'நாளையிலிருந்து'ன்னு எழுதறதை நிறுத்துங்க

கேள்வி: வருஷா வருஷம் ஒரு புது நோட்டு வாங்கறேன். தினமும் எழுதணும், எழுத்தும் முன்னேறணும், நானும் முன்னேறணும்னு ஆசை. பத்துப் பன்னிரண்டு நாள் நல்லா ஓடும், அப்புறம் ஒருநாள் விட்டுப்போகும், அதோட சரி. 21 நாள் விடாம செஞ்சா எதுவும் பழக்கமாயிடும்னு படிச்சேன், என்னால அந்த 21ஐத் தொடவே முடியல. பழக்கங்களைப் பத்தி ஏழெட்டு புக் படிச்சாச்சு, மொபைல்ல ஆப் போட்டும் பார்த்தாச்சு. எனக்கு மனவுறுதி இல்லையா, இல்ல சரியான முறை இன்னும் கிடைக்கலையா? நோட்டுல ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். ஒளிக்காம சொல்லுங்க.

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கற வாசகர்)

பதில்: ஒளிக்காம சொல்லச் சொன்னீங்க, சொல்றேன். உங்க கேள்வியை ஒரு தடவை படிச்சேன், நீங்க அனுப்பின அந்தப் பக்கத்தை நாலஞ்சு தடவை படிச்சேன். ஆறு நாளைக்கு எழுதியிருக்கீங்க. அந்த ஆறு நாள்ல 'நாளையிலிருந்து'ங்கற வார்த்தை அஞ்சு இடத்துல வருது. "இன்னிக்கும் நேரத்தை வீணடிச்சுட்டேன். நாளையிலிருந்து ஒழுங்கா இருக்கணும்." "கோபத்தைக் குறைக்கணும். நாளையிலிருந்து யார்கிட்டயும் கத்தக் கூடாது." இப்படியே போகுது. பக்கம் முழுக்கப் படிச்சு முடிச்சப்புறமும் அந்த ஆறு நாள்ல என்ன நடந்துச்சு, யார்கிட்ட கத்தினீங்க, எதுக்குக் கத்தினீங்க, வீணாப்போன நேரம் பத்து நிமிஷமா மூணு மணி நேரமா, ஒண்ணுமே எனக்குத் தெரியல. ஒரு வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தா உங்களுக்கும் தெரியாது.

நீங்க தினமும் ராத்திரி உக்காந்து உங்க மேல தீர்ப்பு எழுதறீங்க. விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேரா தண்டனைதான். தினமும் திட்டு வாங்கற எடத்துக்கு யாரு ஆசையா போவாங்க சொல்லுங்க. பன்னிரண்டாவது நாள் நீங்க அந்த நோட்டைத் தொடலைன்னா அதை மனவுறுதிக் குறைவுன்னு என்னால சொல்ல முடியாது, அடி விழற எடத்தை விட்டு மனசு ஒதுங்குது, யாரா இருந்தாலும் ஒதுங்கத்தான் செய்யும்.

அந்த முதல் வரியவே எடுத்துக்குவோம். நடந்ததை மட்டும் எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நானா ஒண்ணு எழுதிப் பார்த்தேன். "ஒன்பதரைக்கு மெசேஜ் பார்க்க ஃபோனை எடுத்தேன். கீழ வெச்சப்ப பத்தே முக்கால். நடுவுல என்ன பார்த்தேன்னு ஞாபகம் வரல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வேலை விஷயமா ஒருத்தர்கிட்ட பேசினது மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு." நாலே வரி, திட்டும் இல்ல சபதமும் இல்ல. ஆனா இதே மாதிரி ஒரு பத்து நாள் எழுதிட்டு திருப்பிப் பாருங்க, மனசு சரியில்லாதப்பல்லாம் கை ஃபோனுக்குத்தான் போகுதா, இல்ல வேற ஏதாவது காரணமான்னு அந்தப் பக்கங்கள்லயே தெரிய ஆரம்பிச்சிடும், அப்பதான் எதைச் சரிபண்ணணும்ங்கறதே பிடிபடும். 'ஒழுங்கா இருக்கணும்'ங்கற ஒரு வரியை வெச்சுக்கிட்டு மறுநாள் காலைல எழுந்து நீங்க என்னத்தைப் பண்ண முடியும்?

சார்லஸ் டார்வின் தன்னோட சுயசரிதைல ஒரு பழக்கத்தைப் பத்தி சொல்றார். தன் முடிவுகளுக்கு எதிரா ஒரு தகவலோ யோசனையோ வந்துட்டா தள்ளிப்போடாம அப்பவே குறிச்சு வெச்சிடுவார், ஏன்னா நமக்குச் சாதகமானதை விட பாதகமானதுதான் சீக்கிரம் மறந்துபோகுதுன்னு அவர் அனுபவத்துல பார்த்திருக்கார். இந்தப் பழக்கத்தாலதான் தன் கருத்துக்கு வந்த ஆட்சேபணைகள்ல தான் முன்னாடியே கவனிக்காதது ரொம்பக் கம்மின்னும் எழுதறார். அவ்வளவு பெரிய கவனிப்பாளரே தன் ஞாபகத்தை நம்பல. நாம எம்மாத்திரம்? அந்த ஒன்னேகால் மணி நேரம் மறுநாள் நம்ம ஞாபகத்துல 'ஒரு பத்து நிமிஷம்'னுதான் நிக்கும். அதனாலதான் மணியைப் போடுங்க, ஆளைப் போடுங்க, சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கன்னு கேட்டுக்கறேன்.

இப்ப உங்க 21 நாள் கணக்குக்கு வரேன், ஏன்னா அந்த நம்பர் உங்களை மாதிரி எத்தனையோ பேரை வீணா நோகடிச்சிருக்கு, எனக்கு அதுல நிஜமாவே கோபம் உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், 1960ல ஒரு புக் எழுதினார். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கண்ணாடில தெரியற புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு தான் பார்த்ததைச் சொன்னார். அந்த 'குறைஞ்சது' வாய் மாறி வாய் மாறி காணாமப் போய், முகத்தைப் பத்தின பேச்சு எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாயிடுச்சு. நிஜமாவே அளந்து பார்த்தவங்க லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க கூட வேலை செஞ்சவங்களும். 96 பேர், ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம், தினமும் அதே சந்தர்ப்பத்துல செய்யணும், 12 வாரம் கவனிச்சாங்க, 2010ல வெளியிட்டாங்க. பழக்கம் ஊறிப்போக ஆன காலம் ஆளுக்கு ஆள் மாறிச்சு, 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும், அந்த 254 அவங்க கவனிச்ச 12 வாரத்தைத் தாண்டினது, அதனால கணக்குப் போட்டு ஊகிச்சதுதான், நடுமதிப்பு 66, அதாவது பாதிப் பேருக்கு அதுக்குக் கீழ, பாதிப் பேருக்கு அதுக்கு மேல. உங்களுக்கு இதுல முக்கியமானது இன்னொண்ணு, நடுவுல ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் படியறதைப் பெருசா பாதிக்கலைன்னும் பார்த்தாங்க. நீங்க தோத்துட்டேன்னு நினைச்சு நோட்டை மூடின அந்த ஒருநாள், கணக்குலயே சேராத ஒருநாள்.

உங்க ஆப் என்ன பண்ணுது? ஒருநாள் விட்டா தொடர்ச்சிக் கணக்கை பூஜ்யத்துக்குக் கொண்டுபோகுது. பன்னிரண்டு நாள் எழுதினவரையும் ஒரு வரி கூட எழுதாதவரையும் ஒரே நம்பர்ல நிறுத்தற கணக்கு தப்பான கணக்கு, அந்த ஆப்பை எடுத்துடுங்க. புக்கும் போதும், ஏழெட்டு படிச்சாச்சு, ஒன்பதாவதுல புதுசா ஒண்ணும் வரப்போறதில்ல, படிக்கற அந்த அரைமணி நேரத்துல நாலு வரி எழுதிடலாம்.

பிரெஞ்சுக்காரங்க ஆண்ட புதுச்சேரில வியாபாரியாவும் துபாஷியாவும் (மொழிபெயர்ப்பாளராவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சு 1761ல தன் கடைசி நாட்கள் வரைக்கும் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு போனது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னேன், ஊர்ல என்ன பேச்சு, எல்லாம் நடந்தது நடந்தபடி. இன்னிக்கு நமக்குக் கிடைக்கறதுல நடுநடுவுல இடைவெளிகளும் இருக்கு. அதனால யாரும் அதை பாதில நின்ன நோட்டுன்னு சொல்றதில்ல, அந்தக் காலத்தைத் தெரிஞ்சுக்க அதைத்தான் தேடிப் போறாங்க.

எப்ப எழுதறதுங்கறதைப் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம். 'நேரம் கிடைக்கறப்ப'ன்னு மட்டும் வெக்காதீங்க. ஏற்கெனவே தினமும் தவறாம செய்யற ஏதோ ஒண்ணோட முடிச்சுப் போடுங்க, பல் தேய்ச்சு முடிச்சதும், கதவைப் பூட்டினதும், விளக்கை அணைக்கறதுக்கு முன்னாடி, எதுவா இருந்தாலும் சரி. நோட்டும் பேனாவும் அந்த எடத்துலயே கெடக்கட்டும். அளவு நாலு வரி. தோணினா நாலு பக்கம் எழுதுங்க, ஆனா மறுநாள் திரும்ப நாலு வரிதான் கடமை, இதை மட்டும் மாத்தாதீங்க, ஏன்னா நல்லா எழுத வந்த ஒருநாளோட அளவை எல்லா நாளுக்கும் போட்டுத்தான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க.

எழுத்து முன்னேறணும்னு வேற கேட்டிருக்கீங்க, அது தனி வேலை, நோட்டுல அதைத் திணிக்காதீங்க. வாரத்துக்கு ஒருநாள் வெச்சுக்கோங்க. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்ன வயசுல பண்ணினது எனக்குத் தெரிஞ்சு இன்னிக்கும் நல்ல பயிற்சி: தனக்குப் பிடிச்ச பத்திரிகைக் கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தோட கருத்தையும் சின்னக் குறிப்பா எழுதி வெச்சுட்டு, சில நாள் கழிச்சு, மூலத்தைப் பார்க்காம அந்தக் குறிப்பை வெச்சே முழுக் கட்டுரையையும் தன் வார்த்தைல எழுதுவார், அப்புறம் மூலத்தோட ஒப்பிட்டு தன் தப்பைத் திருத்துவார். எங்க வார்த்தை போதலை, எங்க நீட்டிட்டோம்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா பளிச்சுன்னு தெரியும். நல்லா எழுதறவங்க நம்மளை விட என்ன பண்றாங்கன்னு அப்பத்தான் கைக்குத் தெரிய வரும், படிச்சுக்கிட்டே இருந்தா கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

கோபத்தைப் பத்தின அந்த வரிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம். கத்தினதை எழுதறப்ப மத்தவங்க சொன்னதையும் எழுதுங்க, நீங்க சொன்னதை மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க. கத்தறதுக்கு முன்னாடி கடைசியா காதுல விழுந்த வார்த்தை எதுன்னு யோசிச்சு அதையும் போடுங்க. கஷ்டமா இருக்கும், அன்னிக்கு ரெண்டு வரியோட நிறுத்திக்கிட்டாலும் பரவால்ல.

புது நோட்டு வாங்காதீங்க. பன்னிரண்டாவது நாளோட நின்ன அதே நோட்டை எடுத்து, அந்தத் தேதிக்குக் கீழயே இன்னிக்குத் தேதியைப் போடுங்க, நடுவுல ஏன் எழுதலைன்னு விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். ரெண்டு மாசம் கழிச்சு எனக்கு இன்னொரு பக்கம் அனுப்புங்க. அதுல 'நாளையிலிருந்து' எத்தனை தடவை வருதுன்னு எண்ணிச் சொல்றேன்.