துப்பாக்கிக் குழலை மாற்றுவதற்கு முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டென்வரில் இருக்கிறேன். கோடையில் தெற்கு டகோட்டாவில் நண்பரின் மாட்டுப்பண்ணைக்குப் போய்ப் பிரெய்ரி நாய் சுடுவது வழக்கம். என் துப்பாக்கி ரெமிங்டன் 700, கனத்த குழல், .22-250 தோட்டா. புதிதில் 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு குவார்ட்டர் நாணயத்துக்குள் அடங்கும். இந்த வருடம் இரண்டு அங்குலத்துக்குச் சிதறுகிறது. மொத்தம் 900 தோட்டா சுட்டிருப்பேன். குழல் போய்விட்டது, புதிதாகப் போடு என்கிறார்கள். போடலாமா?

பதில்: பொறுங்கள் தம்பி. கோவையில் லேத்தில் தொழில் கற்றுவிட்டு இங்கே வந்து 14 வருடம் குழல் பொருத்தும் வேலை பார்த்தவன் நான். ‘குழல் செத்துவிட்டது’ என்று கொண்டுவந்த துப்பாக்கிகளில் பலவற்றுக்கு ஒரு மணி நேரச் சுத்தம்தான் தேவைப்பட்டது.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெய்ரி நாய் பெயரில்தான் நாய், உண்மையில் அணில் இனம். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். இப்படி விவசாயத்துக்கு இடைஞ்சலான சிறு பிராணிகளை அங்கே ‘வார்மின்ட்’ என்பார்கள். நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் உடம்பு மூன்று அங்குல அகலம்தான். 100 கஜத்தில் இரண்டு அங்குலம் சிதறினால் 300 கஜத்தில் அது ஆறு அங்குலம். அதனால்தான் மான் வேட்டைக்காரர் கவலைப்படாத சிதறல் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முதலில் திருகுகளைப் பாருங்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகள், அப்புறம் தோளில் வைக்கும் கட்டையையும், சுடும் பொறி இருக்கும் நடுப்பகுதியான ஆக்‌ஷனையும் இணைக்கும் இரண்டு திருகுகள். லாரியில் குலுங்கி ஒன்று அரைச்சுற்று தளர்ந்திருந்தாலும் போதும். முடிந்தால் நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

அடுத்து குழல்வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு அது. ஒரு பக்கம் சின்னப் பிசிறு இருந்தாலும் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக முதலில் பீறிட்டு குண்டைத் தள்ளிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளேயிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே காயம் என்று அர்த்தம். துண்டு துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பியை வாய்ப் பக்கமிருந்து விட்டுத் துடைப்பவர்கள்தான் பெரும்பாலும் இந்தக் காயத்தை உண்டாக்குகிறார்கள். மெத்தென்ற அலுமினியத்தில் மணல் பதிந்துகொள்ளும், பிறகு அது அரம் மாதிரி. லேத்தில் வாயைப் புதிதாக வெட்டித் தந்தால் சரியாகிவிடும். குழலே மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, தொண்டை. தோட்டா உட்காரும் அறையான சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்கள் தொடங்கும் இடத்துக்கு அந்தப் பெயர். .22-250 தோட்டாவில் ஏறக்குறைய 35 கிரெய்ன் (கிராமைவிடச் சிறிய எடை அளவு) வெடிமருந்து எரிகிறது, அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. எரியும் வாயுவின் சூடு எஃகு உருகும் சூட்டைவிட அதிகம். மில்லி வினாடிக் கணக்கில் மட்டும் இருப்பதால் குழல் பிழைக்கிறது. ஆனால் ஆறுவதற்குள் அடுத்ததைச் சுட்டுக்கொண்டே போனால் தொண்டையில் பாளம் பாளமாக வெடிப்பு விழும், வறண்ட குளத்து மண்ணைப் போல. என் முதல் .22-250 குழலை அப்படித்தான் இழந்தேன். ஒரு காலையில் 120 தோட்டா, இடையில் நிறுத்தவே இல்லை. குழலைத் தொட்டபோது விரல் கொப்பளித்தது. அடுத்த வாரமே சிதறல் தொடங்கிவிட்டது. இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கும்.

900 தோட்டாவில் உங்கள் தொண்டை போயிருக்குமா? நிதானமாகச் சுட்டிருந்தால் போயிருக்காது. அங்கே கரி கெட்டியாகப் படிந்திருக்கும் என்பதுதான் என் ஊகம். கண்ணாடி போல இறுகிய கறுப்பு வளையம் அது, சாதாரணக் கரைப்பானுக்கு மசியாது. போனில் செருகிக் குழலின் உள்ளே பார்க்கும் போர்ஸ்கோப் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. குழல் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

சுத்தம் செய்யும் முறை இதுதான். ஒரே துண்டான, பூச்சுப் பூசிய கம்பி வேண்டும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வழிகாட்டிக் குழாயைச் செருகுங்கள். கம்பி தொண்டையில் உரசாது, கரைப்பானும் விரலால் இழுக்கும் விசைக்குள் ஒழுகாது. பின்புறமிருந்து வாய் நோக்கி மட்டுமே தள்ளுங்கள். கரைப்பானில் நனைத்த துணித்துண்டு இரண்டு மூன்று, பிறகு வெண்கலத் தூரிகை பத்துப் பன்னிரண்டு முறை. தூரிகையைப் பாதிக் குழலில் நிறுத்தித் திருப்ப வேண்டாம். அப்புறம் செம்பு கரைக்கும் திரவம். துணி நீலப்பச்சையாக வந்தால் குண்டின் செம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. இதில் பலர் ஏமாறுகிறார்கள்: கம்பி நுனியில் இருப்பது பித்தளை முனை என்றால் அதுவே கரைந்து நீலம் காட்டும். நிக்கல் பூசிய முனையோ பிளாஸ்டிக் முனையோ போட்டுக்கொள்ளுங்கள். அமோனியா கலந்த திரவத்தைப் புட்டியில் சொன்ன நேரத்துக்கு மேல் குழலில் விடக் கூடாது. இறுகிய கரிக்கு மட்டும் தேய்க்கும் பசை, தொண்டைப் பகுதியில் மட்டும், கொஞ்சமாக. கடைசியில் உலர்ந்த துணி.

சுத்தமான குழல் முதல் குண்டை வேறு இடத்தில் போடும். மூன்றோ ஐந்தோ சுட்டுவிட்டுப் பிறகு கணக்கெடுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு அங்குலம் என்றால் எழுதுங்கள், புதுக் குழல் பற்றிப் பேசலாம். தொண்டை மட்டும் போய், மீதி நன்றாக இருந்தால், பின்புறத்தில் ஓர் அங்குலம் வெட்டிப் புது சேம்பர் கடைந்து மறுபடி பொருத்தவும் முடியும்.

கேள்வி: சாவேஜ் .223 துப்பாக்கி வைத்திருக்கிறேன். 1,000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். கட்டை, விசை, குழல் – எதை முதலில் மாற்றுவது?

பதில்: விசையில் தொடங்குங்கள், அதுவும் வாங்காமல். உங்களுடையதில் ஆக்யூட்ரிகர் என்ற சாவேஜ் விசை இருந்தால் அதைத் திருகியே இலகுவாக்கலாம். இரண்டு பவுண்டு அழுத்தத்தில் விடுபட்டால் வயல் வேலைக்குப் போதும். பிறகு ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி ஆக்‌ஷன் வரை இழுங்கள். எங்காவது தட்டினால் அங்கே மரத்தையோ பிளாஸ்டிக்கையோ சுரண்டுங்கள். சூடாகும் குழல் எதிலும் சாயக் கூடாது. ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்சி ஊற்றிப் படுகை அமைப்பது மூன்றாவது. ஊற்றும் முன் ஆக்‌ஷன் முழுக்க ஒட்டாத மெழுகு தடவுங்கள், திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடையுங்கள். ஓர் இடம் விட்டுப்போனாலும் கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

குழலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சாவேஜில் குழலைப் பிடிப்பது ஒரு நட்டு என்பதால், அதற்கான சாவியும், சேம்பர் அளவு சரியா என்று பார்க்கும் ‘கோ’, ‘நோ கோ’ கேஜ்களும் இருந்தால் லேத் இல்லாமலே மாற்றலாம். கேஜ் இல்லாமல் மட்டும் கை வைக்காதீர்கள், முகத்துக்கு அருகில் வெடிக்கும் பொருள் இது. .223-இல் எரிவது 25 கிரெய்ன் அளவு மருந்துதான், .22-250-ஐவிடக் குழல் வெகுகாலம் உழைக்கும். நாள் முழுக்கச் சுடுபவர்களுக்கு நான் சொல்வதும் .223-ஐத்தான்.

கேள்வி: என் .22-250-இல் 75 கிரெய்ன் குண்டு போட்டேன். தாளில் நீள்வட்டமாகத் துளை விழுகிறது. ஏன்?

பதில்: குண்டு பக்கவாட்டில் புரண்டு போகிறது. பழைய .22-250 குழல்களில் பள்ளம் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டை நிலைப்படுத்த அந்தச் சுழற்சி போதாது. 50, 55 கிரெய்னுக்குத் திரும்புங்கள். கனமான குண்டுதான் வேண்டுமென்றால் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள குழல் வேண்டும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நானும் வாங்கலாமா?

பதில்: கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. தவறினால் விசாவே போகும். வழக்கறிஞரைக் கேட்காமல் நண்பரின் துப்பாக்கியைக்கூடக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: அந்தச் சின்ன உயிர்களைக் கொல்வது பாவமில்லையா அண்ணா?

பதில்: இந்தக் கேள்வியை என் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். புல் போய்விட்டால் பண்ணைக்காரருக்கு மாடு இல்லை, அது உண்மை. அதே வளைகளை நம்பித்தான் கருங்கால் ஃபெரெட் என்ற சிறு வேட்டைப் பிராணி வாழ்கிறது. அதன் சாப்பாடு ஏறக்குறைய முழுவதும் பிரெய்ரி நாய்தான். அழிந்தே போனதாக நினைத்திருந்தபோது, 1981-இல் வயோமிங்கின் மீட்டீட்ஸி அருகே ஒரு பண்ணை நாய் கவ்விவந்து போட்டதால்தான் அது இன்னும் இருப்பது தெரிந்தது. அதைத் திரும்பக் குடியேற்றிய, தெற்கு டகோட்டாவின் கொனாட்டா பேசின் பகுதியில் பிரெய்ரி நாய் சுடத் தடை. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். அனுமதி உள்ள இடத்தில், உரிமையாளர் கேட்டுக்கொண்ட வளைகளில் மட்டும் சுடுகிறேன். ஒரே குண்டில் முடியும் என்று உறுதியாகத் தெரியாத தூரத்தில் சுடுவதில்லை. செத்ததைக் கழுகு தின்னும் என்பதால் ஈயமில்லாத குண்டுக்கு மாறிவிட்டேன்.

இன்னொன்று. அதே வளைகளில் வளை ஆந்தையும் குடியிருக்கும். மண்மேட்டில் நிமிர்ந்து நிற்கும்போது, சூடான குழலிலிருந்து எழும் கானல் அலைக்குள் அது பிரெய்ரி நாய் போலவே தெரியும். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்துக் குழலை ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் பைனாகுலரில் ஒவ்வொரு மேடாகப் பாருங்கள். நீண்ட கால்கள் தெரிந்தால் அது ஆந்தை.