அம்மை போயிற்று, அம்மன் போகவில்லையே?

கேள்வி: இடி ஏன் இடிக்கிறது, நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஆதிமனிதனின் அறியாமையில் பிறந்ததுதானே கடவுள் நம்பிக்கை? பெரியம்மைக்குக் கிருமிதான் காரணம் என்று தெரியாததால்தானே மாரியம்மனைக் கும்பிட்டார்கள்? முப்பது வருடம் விலங்கியல் நடத்திய நீங்கள் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள்.
(கல்லூரி மாணவர், தருமபுரி)

பதில்: நான் ஒளிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1962-இல் எனக்கு ஏழு வயது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்றதும் அப்பாயி என்னை இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்காரவைத்தார். "ஆத்தா போடுற முத்தைத் தடுக்க இவன் யாரு?" என்பது அவர் கட்சி. வைக்கோல் தூசியில் தும்மி மாட்டிக்கொண்டேன். இடது தோளில் வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த மட்டும் நான் உங்கள் பக்கம். அந்த வைக்கோல் போர் சுத்தமான அறியாமை. அப்படி ஒளித்துவைத்த பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளும் உண்டு.

அதே அப்பாயி, அக்காவுக்குச் சின்னம்மை போட்டபோது என்ன செய்தார் தெரியுமா? நிலைப்படியில் வேப்பிலையைச் செருகினார். அதைப் பார்த்த யாரும் உள்ளே வரவில்லை, நாங்களும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அக்காவுக்குத் தனி அறை, தனிப் பாய், தனித் தட்டு. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்பு கிடையாது. கிருமி என்ற சொல்லே தெரியாத மனுஷி, தொற்று எப்படிப் பரவும் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். (உடனே "முன்னோர்கள் முட்டாள்களா என்ன" என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள். தாளிப்புக்கும் அம்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

வங்காளத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஹால்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1767-இல் லண்டன் மருத்துவர்களுக்கு எழுதியிருக்கிறார். அங்கே பிராமணர்கள் வீடு வீடாகப் போய் அம்மை குத்துவார்களாம். தோலை லேசாகக் கீறி, போன வருடத்து அம்மைச் சீழில் தோய்த்த பஞ்சைக் கங்கை நீரில் நனைத்து அதன்மேல் வைப்பார்கள். வேலை முடியும்வரை வாய் அம்மனின் தோத்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் பசு அம்மையை எடுத்துக் குத்தியது 1796-இல்தான். கை தெரிந்ததைச் செய்கிறது, வாய் கும்பிடுகிறது. இரண்டும் ஒரே ஆள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியும் இப்படி ஒன்றைக் கவனித்தார். கரையோரக் காயலில் மீன் பிடிக்கப் போகும்போது அந்த மக்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. அங்கே ஆபத்து இல்லை, மீனும் தப்பாமல் கிடைக்கும். நடுக்கடலுக்குப் போனால்தான் ஏகப்பட்ட சடங்கு. உழாமல் கொள்ளாமல் மந்திரத்தாலேயே தோட்டம் போட முடியுமா என்று கேட்டால் சிரிப்பார்களாம். படகு கட்டவும் காற்றைப் பார்க்கவும் நன்றாகவே தெரிந்தவர்கள். எவ்வளவு தெரிந்திருந்தாலும் நடுக்கடலில் கைமீறிப் போகும் மிச்சம் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குத்தான் மந்திரம்.

சரி, உங்கள் மாரியம்மனுக்கு வருவோம். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல். 1980-இல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நீங்கள் சொல்கிற காரணம் மட்டும்தான் என்றால் சமயபுரத்தில் அந்த வருடமே நடை சாத்தியிருக்க வேண்டும். பங்குனியில் ஒருநாள் திருச்சி நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள், மஞ்சள் புடவையாக நடந்துகொண்டிருக்கும். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அங்கே அம்மனே பட்டினி. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். ஜனங்களுக்காகச் சாமி விரதம் இருக்கிறதாம். நோய் ஏன் வந்தது என்ற கேள்விக்கு இதில் எங்கே பதில் இருக்கிறது? படுத்துக் கிடக்கிறவளுக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா இருக்கிறாள், அவ்வளவுதான். காரணம் தெரியாததால் கட்டிய கதைகள் நிறைய உண்டு, அவை உதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. நடக்கிற கூட்டத்தை அந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது என்கிறேன்.

கேள்வி: அப்படியென்றால் பெரியார் சொன்னது தவறா?
(வாசகி, ஈரோடு)

பதில்: அவர் கடவுளைக் கற்பித்தவனை முட்டாள் என்றார், பரப்பியவனை அயோக்கியன் என்றார், வணங்குகிறவனைக் காட்டுமிராண்டி என்றார். அறியாமையை முதல் ஆளின் தலையில்தான் கட்டினார். நடுவில் நிற்கிறவன் விவரம் தெரிந்தவன். அந்த ஆளைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் கும்பிடுவீர்களா?
(அதே தருமபுரி மாணவர்)

பதில்: ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டம்மாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற ஆள் நான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதிர்க் கடையில் மஞ்சள் துணி வாங்கி அதில் ஒரு ரூபாயை முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பிழைத்தது டாக்டரின் கையால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடிச்சு இன்னும் படத்துக்குப் பின்னால் கிடக்கிறது. கொண்டுபோய் உண்டியலில் போடவும் இல்லை, அவிழ்த்துச் செலவு செய்யவும் கை வரவில்லை. "எப்போ சமயபுரம் போறோம்?" என்று அவள் மாதம் ஒருதரம் கேட்கிறாள்.