ஜூஸ் பெட்டியும் பழைய வலையும் – கடிதம்

வணக்கம்.

காசிமேட்டில் கழித்துப் போடும் வலைத்துண்டு, ஜூஸ் அட்டைப்பெட்டி இரண்டிலும் சிற்பமும் அச்சுப்படமும் செய்கிறேன். பெட்டியின் வெள்ளிப் பக்கத்தில் ஊசியால் கீறி, மை தடவி, தாளை வைத்துக் கரண்டியால் தேய்த்தால் கோடு வெளிறி விழுகிறது. கரும்புச்சாறு மெஷினில் விட்டு எடுக்கலாமா? கட்டுக்கம்பியில் வலை சுற்றிச் செய்த மீன் இரண்டே மாதத்தில் துருக்கறை பிடித்துவிட்டது. ஃபெவிகாலும் ஒட்டவில்லை.

ம., ராயபுரம்

அன்புள்ள ம.,

உங்கள் கீறலில் குறையிருக்காது, தாளைப் பாருங்கள். கீறலுக்குள் நிற்கும் மையை ஊறி இளகிய தாள்தான் எடுக்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாளை 20 நிமிடம் தண்ணீரில் போட்டு, துண்டில் ஒற்றி, பளபளப்பு அடங்கியதும் அச்சு எடுங்கள். நீர் மினுங்கினால் மை பிடிக்காது.

அச்சகத்து ஆஃப்செட் மை என்றால் கெட்டி. சில சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டுக் குழையுங்கள். கீறலுக்கு வெளியே மிஞ்சிய மையைத் துடைக்கக் கஞ்சி போட்ட மல் துணிதான் சரி. பனியன் துணி கீறலுக்குள் புகுந்து மையை வழித்துவிடும். நல்ல கறுப்பு வேண்டிய இடத்தில் வெள்ளித் தோலை மட்டும் வெட்டி உரியுங்கள்; அடியில் உள்ள அட்டை மையைக் குடித்துக்கொள்ளும். இந்தப் பெட்டியின் அழகே அதுதான். ஆவின் பாக்கெட்டில் இது நடக்காது, அது வெறும் பிளாஸ்டிக்.

கரண்டி அழுத்தம் போதாது. கரும்பு மெஷின் உருளையில் வரிப்பள்ளம் இருக்கும், தாள் கிழியும். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் கிராஃபிக் கூடத்தில் இதற்கான பிரஸ் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

மீனைக் கெடுத்தது வலையில் தங்கிய உப்பு. நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிக் காயவையுங்கள். கட்டுக்கம்பிக்குப் பூச்சு கிடையாது, கடல்காற்றே அதைத் தின்றுவிடும். துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி வாங்குங்கள். ஃபெவிகால் உறிஞ்சும் பொருளில்தான் பிடிக்கும், ஆகவே வலையை வலைநூலாலேயே தையுங்கள். மீனவர்கள் ஒட்டுப்போட்ட முடிச்சுகளைத் தயவுசெய்து வெட்டி எறியாதீர்கள். வேறு நிற நூலில், நெருக்கமாக, அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்.

சாயம் ஏற்றுவதாக இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக்குமிழி போனபின் விடுங்கள். மூழ்கினால் நைலான், சாயம் ஏறும். மிதந்தால் பாலித்தீன், ஏறாது. இரண்டையுமே நெருப்பில் காட்டி உருக்க வேண்டாம், புகை கெடுதல். ஓரத்தில் ஈயக்குண்டு இருந்தால் கையுறை போட்டுக் கழற்றிவிடுங்கள். அதை அராவவே கூடாது, அந்தத் தூள் நஞ்சு.