ஆய் போக பெம்பர்ஸ் கேட்கும் பிள்ளை

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு 3 வயது 2 மாதம். ஒன்றுக்கு வந்தால் அழகாகச் சொல்லிவிடுகிறான். ஆய் வந்தால் மட்டும் பெம்பர்ஸ் (டயப்பர்) கேட்கிறான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் போவான். கொடுக்காவிட்டால் மூன்று நான்கு நாள் அடக்கிவிடுகிறான். பிடிவாதம், இரண்டு அடி போட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். பாலர் பள்ளியில் வேறு சேர்க்க வேண்டும். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அடிக்கவே வேண்டாம்மா. இது பிடிவாதம் இல்லை, பயம். எப்போதோ ஒருமுறை மலம் இறுகி வலித்திருக்கும். அதற்கப்புறம் ஆய் வரும்போதெல்லாம் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க விறைப்பான். முக்குகிறான் என்று நினைப்போம்; உண்மையில் அடக்குகிறான். அடக்க அடக்கக் குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். அது இன்னும் கெட்டியாகி, அடுத்த முறை இன்னும் வலிக்கும்.

ஆகவே மலச்சிக்கலைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், பழக்குவது பிறகு. இப்போதைக்குப் பெம்பர்ஸ் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அடக்குவதைவிட அதில் போவது எவ்வளவோ மேல்.

அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். எடைக்கு ஏற்ற அளவில், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் போன்ற மருந்து தருவார்கள். நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் சில மாதம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆசனவாயில் வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதெல்லாம் வேண்டாம். அவன் பயப்படும் இடத்திலேயே கை வைத்தால் பயம் கூடத்தான் செய்யும். திடீரென்று உள்ளாடையில் தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுத்துவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம்.

போத்தல் பால் எவ்வளவு குடிக்கிறான்? ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் போனால் குறையுங்கள். பால் வயிற்றை நிரப்பிவிட்டால் சோறும் கீரையும் இறங்காது. பப்பாளி, கொய்யா, தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

மலம் இளகி, வலியில்லாமல் போக ஆரம்பித்ததும் பழக்கலாம். முதலில் பெம்பர்ஸோடு கழிவறைக்குள் நின்று போகட்டும். சில நாள் கழித்து பெம்பர்ஸோடே பிள்ளைகளுக்கான சின்ன மலச்சட்டியில் உட்காரட்டும். பிறகு அதைத் தளர்த்திக் கட்டி, மெல்ல எடுத்துவிடலாம். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். காலையில் பசியாறிய பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், போதும். பாதம் தரையில் படிய வேண்டும். உயரமான டாய்லெட் என்றால் காலடியில் சின்ன முக்காலி போடுங்கள். வீட்டில் குந்தும் கழிவறையா? அந்தக் குழியும், வாளித் தண்ணீரை வீசி ஊற்றும் சத்தமும் இந்த வயதில் பயமாக இருக்கும். அவன் வெளியே வந்த பிறகு ஊற்றுங்கள்.

வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, எடை கூடாவிட்டாலோ, பிறந்ததிலிருந்தே இந்தத் தொல்லை இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பாலர் பள்ளி ஆசிரியையிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லி, பையில் மாற்று உடை இரண்டு வைத்து அனுப்புங்கள். மாமியாரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பேரன் மலச்சட்டியில் உட்காரும்போது பக்கத்தில் இருந்து கதை சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்?