ஜெராக்ஸ் மெஷின் எங்கே இருக்கிறது?

(26 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து, அதில் கடைசி 11 வருடம் மாணவர்களை வேலையிடங்களுக்கு அனுப்பும் பொறுப்பையும் சுமந்தவரின் பதில்கள்.)

கேள்வி: 'அவரவர் வேகத்தில் கற்றல்' என்று சொல்லி மகளுக்குப் பள்ளியில் டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு. மற்றவர்களைவிடப் பத்துப் பாடம் முன்னால் இருக்கிறாள். சந்தோஷப்படலாமா? – ஒரு தாய்

கொஞ்சம் பொறுங்கள். 1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளில் சராசரியான ஒருவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டியிருந்தார் என்றது அது. கல்வி மென்பொருள் விற்க வருகிறவர்களின் வாயில் இன்றும் இந்த 98 அடிபடும். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது, ஆனால் இவ்வளவு பெரிதாக இல்லை. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: அந்தப் பிள்ளைகள் தப்புப் போட்ட இடத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். ஒன்றில் தேறிய பிறகுதான் அடுத்ததுக்கு விட்டார்.

இன்று சாயங்காலம் மகளிடம், "கடைசியாகத் தப்புப் போட்ட கணக்கைக் காட்டு" என்று கேளுங்கள். யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள். "சிவப்பு வந்தது, வேற விடையை அழுத்தினேன், பச்சை வந்தது" என்று பதில் வந்தால், பத்துப் பாடம் முன்னால் போயிருப்பது அவள் விரல்தான்.

கேள்வி: என் பையன் 'பார்த்துக் கற்கும்' வகை என்று ஒரு பரிசோதனையில் சொன்னார்கள். எல்லாப் பாடத்தையும் வீடியோவாகவே கொடுக்கலாமா?

வேண்டாம். பார்ப்பவர், கேட்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் நால்வர் அலசி எழுதிவிட்டார்கள். வரைபடத்தை எல்லோரும் பார்த்துத்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லோரும் கேட்டுத்தான். அந்தச் சான்றிதழை மடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: மகனை ஒரு அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். இரண்டு வாரமாக ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுகிறார்களாம். நிறுத்திவிடட்டுமா? – கோபத்தில் இருக்கும் ஒரு அப்பா

நிறுத்துவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: அந்த ஜெராக்ஸ் மெஷின் எங்கே இருக்கிறது?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களை மானுடவியலாளர் ஜீன் லேவ் கவனித்து எழுதியிருக்கிறார். அங்கே முதலில் பழகுவது பட்டன் வைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும். அப்புறம் தையல். துணி வெட்டுவது கடைசியில்தான். சட்டை உருவாகும் வரிசைக்கு நேர் எதிர். பட்டன் வைக்கிறவன் கையில் முழுச் சட்டை இருக்கிறது. தவறினாலும் நஷ்டம் ஒரு பட்டன்தான்.

லேவும் எட்டியென் வெங்கர் என்ற ஆய்வாளரும் 1991-இல் எழுதிய புத்தகத்தில் இறைச்சி வெட்டும் தொழில் பழகியவர்களைப் பற்றியும் வருகிறது. பழக வந்தவர்களைப் பொட்டலம் கட்டும் இடத்தில் நிறுத்தினார்கள். தேர்ந்தவர்கள் வெட்டுவதை அங்கிருந்து பார்க்க முடியாது. கற்றது பொட்டலம் கட்ட மட்டும்.

உங்கள் மகனுடைய மெஷின் வேலை நடக்கிற அறைக்குள் இருந்தால், பேச்சு காதில் விழுந்தால், தான் நகலெடுக்கும் தாள் எதற்கென்று அவனுக்குத் தெரிந்தால், இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்தால் போய்ப் பேசுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "மேஜையை மாற்றிப் போட முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கே அது தோன்றியிருக்காது.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் நான் அனுப்பிய பிள்ளைகளிடம் 'அறிக்கை' கேட்டேன். நான்கு வெவ்வேறு இடங்களுக்குப் போன நால்வர் ஒரே அறிக்கையைக் கொடுத்தார்கள். 'பல அரிய அனுபவங்களைப் பெற்றேன்', எழுத்துப்பிழை உட்பட. அவர்களைத் திட்டினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது, நான் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. அடுத்த வருடம் அறிக்கையை விட்டுவிட்டு, "இந்த வாரம் அங்கே எது சரியாக வரவில்லை?" என்று மட்டும் கேட்டேன்.

மரவேலைப் பட்டறைக்குப் போன ஒரு பையன், வடிவியலில் இரண்டு முறை தோற்றவன், "கதவு நிலைல மாட்டலை சார்" என்றான். உப்புத்தாள் தேய்ப்பதைத் தவிர அவனுக்கு அங்கே வேலை இல்லை. நிலையின் அளவைக் கேட்டேன்: உயரம் 2,100 மில்லிமீட்டர், அகலம் 900. இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்து அளந்து வரச் சொன்னேன். ஒன்று 2,291, மற்றது 2,279. சரி, எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? பிதாகரஸ் தேற்றம் என்று நான் பெயர்கூடச் சொல்லவில்லை. வர்க்கப்படுத்திக் கூட்டி, மூலம் எடுத்து, 2,285-க்குக் கொஞ்சம் குறைவு என்று அவனே வந்து நின்றான். "அப்ப நிலை சாஞ்சிருக்கு. கதவை இழைச்சா வேலைக்காகாது." இதைப் போய்ப் பட்டறையில் சொன்னான். மறுநாளிலிருந்து உப்புத்தாளோடு மூலைமட்டமும் அவன் கைக்கு வந்தது.

கேள்வி: நான் ஆசிரியை. வகுப்பில் 40 பேர். தனித்தனியாகக் கவனி என்று சுற்றறிக்கை வருகிறது. நடக்கிற காரியமா?

40 பேரையும் தினமும் கவனிப்பது நடக்காது. சுற்றறிக்கை எழுதியவருக்கும் அது தெரியும். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் 1996-இல் தொடங்கிய 'மெட்' பள்ளியில் வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் வேலையிடத்தில் இருப்பார்கள். ஒரு ஆசிரியருக்குப் பதினைந்து பேர் போல, நான்கு வருடமும் அதே ஆசிரியர். அந்த வசதி உங்களுக்கு இல்லை. அதனால் வாரத்துக்கு ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும். மேலே சொன்ன அதே ஒரு கேள்விதான்: "இந்த வாரம் எது சரியாக வரவில்லை?" பதிலை ஒரு வரியில் எழுதி வையுங்கள். அடுத்த சுற்றில் அந்த வரியைப் படித்துக் காட்டி ஆரம்பியுங்கள். "நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா மிஸ்?" என்று கேட்பார்கள்.

பிள்ளைகளை வேலையிடத்துக்கும் அனுப்ப நினைத்து, இடம் போதவில்லை என்றால், ஒரு இடத்தை இருவருக்குப் பிரியுங்கள். 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களோடு தொடங்கியபோது ஒரு வாரம் தொழிற்சாலை, ஒரு வாரம் வகுப்பு என்று மாற்றி மாற்றித்தான் அனுப்பினார்.

கேள்வி: கால்நடை மருத்துவராக வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சொன்ன மகள், ஒரு மாதம் மருத்துவமனையில் உதவிக்குப் போய் வந்து வேண்டாம் என்கிறாள். போன மாதம் வீண்தானே?

ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டாள். மூன்றாம் வருடப் படிப்பில் தெரிந்திருந்தால்? 'ஏன் வேண்டாம்' என்று மட்டும் கேட்டுவிடுங்கள், விசாரணை மாதிரி இல்லாமல். என்னிடம் இதே மாதிரி வந்த ஒரு பெண், நாயைப் பிடித்துக்கொள்வது பிடிக்கவில்லை, ஆனால் ரத்த மாதிரியை எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் வைக்கும்போது மட்டும் நேரம் போனதே தெரியவில்லை என்றாள். அடுத்த மாதம் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம்.