மனசுக்குள் நம்பினால் போதாதா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். எனக்கு 26 வயது, ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை. இரண்டு வருஷமாக இயேசுவை நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறேன், பைபிளைப் போனில்தான் வாசிக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. வருகிற மாரியம்மன் திருவிழாவுக்கு அம்மா என் பேரில் பால்குடம் நேர்ந்திருக்கிறார், அது மனசை உறுத்துகிறது. திருவிழாவுக்குப் பிறகு கலியாணப் பேச்சும் இருக்கிறது. கடவுளுக்கு என் மனசு தெரியும்தானே, வெளியே சொல்லியே ஆக வேண்டுமா? பயந்தவர்களுக்குப் பரலோகம் இல்லை என்று சபையில் ஒரு அண்ணன் சொல்கிறார்.

பதில்: தங்கச்சி, அந்த அண்ணன் சொன்னதை முதலில் ஓரமாக எடுத்து வைப்போம். அதைத் தலையில் சுமந்துகொண்டு நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் அது பயத்தில் எடுத்த முடிவாகத்தான் இருக்கும். வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில் "பயப்படுகிறவர்களும்" என்று தொடங்குகிற ஒரு வசனம் இருக்கிறது, அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். அதைச் சொல்கிறவர் பேதுருவின் கதையையும் கூடவே சொல்லியிருக்க வேண்டும். மூன்று தரம் இயேசுவைத் தெரியாது என்று சொன்னவர் பேதுரு, அதில் முதல் தரம் கேட்டது வாளோடு வந்த சேவகன்கூட இல்லை, வாசல் காக்கிற ஒரு வேலைக்காரப் பெண். உயிர்த்தெழுந்த இயேசு அவரிடமே வந்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, தம்முடைய ஆடுகளை ஒப்படைத்தார். பயந்துவிட்டாய், போ என்று அவரைத் தள்ளிவிடவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். கடவுளுக்கு மனசு தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விசுவாசம் என்ற சொல்லை நாம் சாதாரணமாக எப்படிப் பாவிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாய் எசமானுக்கு விசுவாசமாக இருந்தது என்கிறோம், உண்ட வீட்டுக்கு விசுவாசம் வேண்டாமா என்கிறோம். நாய் மனசுக்குள் என்ன நினைத்தது என்பதா அங்கே பேச்சு? விட்டுப் போகாமல் நின்றதுதான் பேச்சு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருக்கிற பிஸ்டிஸ் என்ற சொல்லுக்குள்ளும் நம்புவது, நம்பினவரோடு உண்மையாக நிற்பது என்று இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கடவுள் ஒருவரே என்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதினாரே, அது வெறும் ஒத்துக்கொள்ளல். இயேசு சொன்னது உண்மை என்று ஒத்துக்கொள்வதும், திருவிழாவிலும் சம்பந்தப் பேச்சிலும் வீட்டுச் சண்டையிலும் அவரோடு நிற்பதும் ஒன்றில்லை. இந்த இரண்டாவது இப்போதுதான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

யோவான் 12ஆம் அதிகாரத்தில் 42, 43ஆம் வசனங்களை இன்றைக்கு வாசியுங்கள். அதிகாரிகளிலும் அநேகர் இயேசுவில் விசுவாசம் வைத்தார்கள், ஆனால் ஜெப ஆலயத்தை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று வெளியே சொல்லவில்லை, தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிற மகிமையை விரும்பினார்கள் என்று இருக்கும். அப்புறம் 19ஆம் அதிகாரத்துக்குப் போங்கள், அங்கே அரிமத்தியா ஊர் யோசேப்பு வருகிறார். அவரையும் யூதருக்குப் பயந்த அந்தரங்க சீஷன் என்றுதான் யோவான் அறிமுகப்படுத்துகிறார். அவர் ஆலோசனைச் சபையில் ஒருவர் என்று மாற்கு சொல்வதால், 12ஆம் அதிகாரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த அதிகாரிகளில் அவரும் ஒருவராக இருந்திருக்கலாம். இந்த இடத்தில் நான் எத்தனையோ தடவை நின்று யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் போய்ப் பார்த்திருந்தால் யோசேப்பு யார், மற்றவர்கள் யார் என்று உங்களாலும் என்னாலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது, பயமும் ஒன்றுதான் மௌனமும் ஒன்றுதான். இயேசு இறந்து, மூன்றரை வருஷம் கூடவே திரிந்தவர்களே சிதறி ஓடின அந்தச் சாயங்காலம்தான் யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்கிறார். இனி இவரோடு சேர்ந்தால் ஒரு லாபமும் இல்லை என்ற நேரத்தில்.

பரிசேயரில் ஒருவரான நிக்கொதேமுவும் அப்படித்தான். முதலில் இரவில் இயேசுவிடம் வந்தார். பிறகு பரிசேயர் நடுவில், ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று பட்டும் படாமலும் ஒரு வார்த்தை பேசி, நீயும் கலிலேயனோ என்று ஏச்சு வாங்கினார். கடைசியில் ஏறக்குறைய 100 இராத்தல் வாசனைப் போளத்தோடு அடக்கத்துக்கு வந்தார். இன்றைய கணக்கில் அது 30 கிலோவுக்கு மேல், தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுவதற்கு நிறுவையில் கேட்கிற கொழுந்தைவிட அதிகம், அவ்வளவு பாரத்தை ஊர் கண்ணுக்குத் தெரியாமல் கொண்டுவர முடியாது. அவர் அங்கே வந்து சேர்வதற்கு எவ்வளவு காலம் எடுத்தது பாருங்கள், இயேசு அவரை அவசரப்படுத்தினதாக ஒரு வார்த்தை இல்லை. ஆகவே இரகசியமாக நம்புவது பொய்யா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் பதில். அது நகர்கிறதா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த இடத்திலேயே சௌகரியமாக உட்கார்ந்துவிட்டதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பால்குடம் உறுத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உட்கார்ந்துவிட்ட மனசுக்கு அந்த உறுத்தல் வராது.

நம் நாட்டிலேயே இதற்குச் சரித்திரம் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து வேஷம் மாறி யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரரைப் போல வீடு வீடாகப் போய், அதைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு நம் மலைநாட்டுக்கு வந்து, கண்டியில் ஒற்றன் என்று சிறையில் கிடந்து, அங்கேயே ஊழியம் செய்து 1711இல் இறந்தார், 2015இல் கொழும்பில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்காக அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் எடுத்துப் பேரைப் பதிந்துகொண்டு, வீட்டில் சைவர்களாகவே வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். ஊரறிய அறிக்கை செய்தவர்கள் இவர்கள், ஒளிந்திருந்தவர்கள் அவர்கள், இதில் விசுவாசம் யாரிடம் இருந்தது? ரோமர் 10:9 வாயையும் இருதயத்தையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்தக் கத்தோலிக்கர் ஒளிந்தது அரசாங்கத்துக்குத்தான், ஒருவருக்கொருவர் இல்லை, இரவில் கூடி வந்து தங்கள் குருவை உயிரைக் கொடுத்துப் பாதுகாத்தார்கள்.

அதனால் மறைப்பது எல்லாமே கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனுஷர் முன்பாக என்னை அறிக்கைபண்ணுகிறவன் என்று இயேசு சொன்ன மத்தேயு 10ஆம் அதிகாரத்திலேயே, ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றும் இருக்கிறது. அவரே ஒரு பண்டிகைக்கு வெளியரங்கமாகப் போகாமல் அந்தரங்கமாகப் போனார் என்று யோவான் 7இல் வாசிக்கிறோம். சொன்னால் அடி விழும், ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ளிவிடுவார்கள் என்ற நிலைமை உங்கள் வீட்டில் இருந்தால், போய்த் தங்க ஒரு வீடும் நம்பகமான ஒரு அக்காவும் உறுதியான பிறகு வாயைத் திறந்தால் போதும்.

அப்படி ஒரு ஆபத்து இல்லை, அம்மா அழுவார், அக்கம்பக்கம் பேசும், அவ்வளவுதான் என்றால், சொல்லுங்கள். அதுவும் அம்மாவிடம் முதலில், தனியாக, திருவிழாவுக்கு நன்றாக முன்பே. நான் ஞானஸ்நானம் எடுத்ததை என் அப்பா, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் வேறொருவர் வாயால்தான் கேட்டார். மதம் மாறினதை அவர் ஒரு வருஷத்தில் பொறுத்துக்கொண்டார், ஊருக்கே தெரிந்த பிறகு தனக்குத் தெரிந்ததைக் கடைசிவரை பொறுக்கவில்லை, அந்தத் தப்பு என்னுடையது. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும், உங்கள் இரகசியம் எப்படியும் ஒரு நாள் அம்மா காதுக்குப் போகும், அது உங்கள் வாயிலிருந்து போகட்டும். கம்ப்யூட்டர் கிளாஸ் கதையை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்துங்கள். மௌனமாக இருப்பதற்கு வேதத்தில் இடம் இருக்கலாம், வாராவாரம் அம்மாவிடம் பொய் சொல்வதற்கு நான் இடம் தேடித் தர மாட்டேன்.

பால்குடத்தைப் பற்றி. 2 இராஜாக்கள் 5இல் நாகமான் என்ற படைத்தலைவர், தன் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது கைகொடுத்து நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்கிறார். சமாதானத்தோடே போ என்கிறார் தீர்க்கதரிசி எலிசா. ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் தன் பரிவாரம் எல்லாம் நிற்க, இனி வேறு தேவர்களுக்குப் பலி செலுத்த மாட்டேன் என்று சொல்லி முடித்துவிட்டார். இதை வைத்து நான் சொல்வது இதுதான்: அம்மாவுக்குத் துணையாகக் கோயிலுக்குப் போவதும், அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக் கொடுப்பதும், தேர் பார்க்க வந்த சொந்தக்காரருக்குச் சமைப்பதும் நாகமான் கைகொடுத்த மாதிரி, தாராளமாகச் செய்யுங்கள். பால்குடத்தை நீங்களே எடுப்பது அப்படியில்லை, அது அந்தத் தெய்வத்துக்கு உங்கள் நேர்த்தி, அதை எடுக்க முடியாது என்று சொல்லத்தான் வேண்டும். பிரசாதத்தை ஒன்றும் சொல்லாமல் நீட்டினால் சாப்பிடுவதா, படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால் தவிர்ப்பதா என்பதை 1 கொரிந்தியர் 10இல் பவுல் நிதானமாகப் பேசியிருக்கிறார், சபையில் ஒரு மூத்த அக்காவோடு உட்கார்ந்து வாசியுங்கள். சாமிப் படத்தை எடுத்து எறி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது அம்மாவின் படம்.

கலியாணம் இதைவிடக் கனமான விஷயம். பையனுக்கும் அவர் வீட்டுக்கும் சொல்லாமல் கழுத்தை நீட்டுவது அவருக்குச் செய்கிற அநியாயம், பேச்சு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம், வீட்டில் சொல்லிச் சில மாதங்கள் போகட்டும், சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்ளன் அது இல்லாமலே பரதீசுக்குப் போனான். அதற்காக வருஷக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்தக் காலத்தில் சபையிலிருந்து உலர் உணவுப் பொதியோ காசோ வேலையோ எது வந்தாலும் வாங்காதீர்கள். காசுக்கு மாறினாள் என்ற பேச்சு தோட்டத்தில் ரொம்பச் சுலபமாக எழும், அதற்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம், 1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பின மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை உங்களுக்குத் தருகிறது, 14ஆம் உறுப்புரை அதைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ வழிபாட்டில் வெளிப்படுத்தும் சுதந்திரத்தையும் தருகிறது.

அம்மாவிடம் பேசும்போது இயேசுவை எப்படி அறிந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், மாரியம்மனைப் பற்றி ஒரு வார்த்தையும் குறைவாகச் சொல்ல வேண்டாம். 1 பேதுரு 3:15 பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிற அதே வசனத்தில் சாந்தமும் வணக்கமும் கேட்கிறது. அவர் அன்றைக்கே சம்மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அழட்டும், ஏசட்டும், இரண்டு நாள் பேசாமலும் இருக்கட்டும். மறுநாள் விடிய அவர் மலைக்குப் புறப்படும்போது எப்போதும் போலத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள், சாயங்காலம் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வாருங்கள்.